மணியார்டரும் பிச்சைப் பாத்திரமும்

ஆப்பிரிக்க இலக்கியத்திலும் சினிமாவிலும் வறுமை எப்படிக் காட்டப்படுகிறது, செய்தித்தாளில் பார்த்துப் பழகிய எலும்பும் தோலுமான குழந்தைதான் அங்கும் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தயக்கம் நியாயமானது. 1960களின் இறுதியில் நைஜீரியாவில் பியாஃப்ரா போர், 1984இல் எத்தியோப்பியப் பஞ்சம், 1993இல் சூடானில் பிணந்தின்னிக் கழுகின் முன் சுருண்டு கிடந்த குழந்தை என்று அந்தப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மனத்தில் படிந்துவிட்டன. எத்தியோப்பியாவுக்கு நிதி திரட்ட 1984இல் பிரிட்டிஷ், ஐரிஷ் பாடகர்கள் கூடிப் பாடிய பாட்டு, அங்கே எதுவும் விளைவதில்லை, மழையும் ஆறும் இல்லை என்றது. இது கிறிஸ்துமஸ் காலம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்றும் கேட்டது. நீல நைல் புறப்படுவதே எத்தியோப்பியாவிலிருந்துதான். கிறிஸ்தவம் அந்த மண்ணில் 4ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. பாடியவர்களின் நல்ல மனத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு மக்களைப் பற்றி இவ்வளவு குறைவாகத் தெரிந்துகொண்டு அவர்களுக்காக அழ முடிகிறது என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

அந்தப் படங்களில் குழந்தைக்குப் பெயர் இல்லை. தாய் எங்கே, மாமன் எங்கே, எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்று எதுவும் தெரியாது. ஆப்பிரிக்கர்கள் எழுதிய கதைகளிலும் எடுத்த படங்களிலும் அந்தப் பாக்கிதான் முதலில் வந்து நிற்கிறது. அங்கே ஏழை கணக்குப் போடுகிறவர். கையில் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, நாளைக்கு என்ன மிஞ்சும் என்று ஓயாமல் கூட்டிக் கழிக்கிறவர். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே உங்களுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். கண்டத்தில் 54 நாடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பேச யாராலும் முடியாது. எனக்கு மிக நெருக்கமான ஊர் செனகலின் தலைநகரான டக்கார். எனவே அங்கே அதிக நேரம் நிற்பேன்.

டக்கார் என்றால் உஸ்மான் செம்பேனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். 1923இல் தெற்கு செனகலின் ஸிகன்ஷோரில் ஒரு மீனவருக்கு மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தார். போருக்குப் பின் மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அங்கே தொழிற்சங்க நூலகத்தில் வாசித்து வாசித்து எழுத்தாளரானார். 1947 அக்டோபர் முதல் 1948 மார்ச் வரை டக்கார்–நைஜர் ரயில்பாதைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை வைத்து 1960இல் அவர் வெளியிட்ட நாவலின் தலைப்பு 'கடவுளின் மரத்துண்டுகள்' என்று பொருள்படும். உயிரோடு இருப்பவர்களைத் தலை எண்ணினால் தீங்கு வரும் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. அதனால் ஆட்களை எண்ணும்போது மரத்துண்டுகள் என்று சொல்லி எண்ணுவார்கள். நாவலில் வேலைநிறுத்தம் நீள நீளக் கடைக்காரர்கள் கடன் தர மறுக்கிறார்கள். குடிநீர்க் குழாய்கள் வறண்டுபோகின்றன. ரமத்துலாய் என்ற பெண், தன் வீட்டுக் குழந்தைகளின் பசி பொறுக்காமல், வசதியாக வாழும் தன் சகோதரனின் கொழுத்த கிடாவைக் கழுத்தறுத்துச் சமைக்கிறாள். பசி அவளைக் கூனிக் குறுக வைக்கவில்லை, நிமிர வைக்கிறது. கடைசியில் பெண்கள் தியெஸ் நகரிலிருந்து டக்கார் வரை நடந்தே ஊர்வலம் போகிறார்கள்.

இந்த நாவல் பேரும் புகழும் பெற்றது. ஆனால் அதில் வரும் ரயில்வேத் தொழிலாளியோ சந்தைக்காரியோ பிரெஞ்சு நூலைக் கையிலெடுத்துப் படிக்கப் போவதில்லை என்பது செம்பேனை அரித்தது. நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோ போய்ச் சினிமா கற்றுக்கொண்டு திரும்பினார். அதன் பலனாக 1968இல் வந்தது 'மந்தாபி'. செனகல் மக்களின் வோலோஃப் மொழியில் பேசும் முழுநீளப் படம். தலைப்புக்குப் பொருள், மணியார்டர்.

கதை இது. இப்ராஹிமா ஜெங் ஒரு குடும்பத் தலைவர். இரண்டு மனைவிகள், ஏழு குழந்தைகள், வேலை இல்லை. பாரிஸில் தெரு கூட்டும் அக்காள் மகன் 25,000 பிராங்க் மணியார்டர் அனுப்புகிறான். அதில் 20,000 அவனுடைய சேமிப்பு, மாமாவிடம் பத்திரமாக இருக்க வேண்டும். 3,000 அவன் தாய்க்கு. மாமாவுக்கு 2,000. ஆக அந்தப் பெருந்தொகையில் ஜெங்குக்குச் சேரவேண்டியது பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தபால்காரர் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போன அன்றே வீட்டுப் பெண்கள் அதைக் காட்டிக் கடையில் அரிசி கடன் வாங்கிவிடுகிறார்கள். ஜெங் வயிறாரச் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் செய்தி அவருக்கே தெரிகிறது. அதற்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டார் வருகிறார்கள், பள்ளிவாசல் இமாம் வருகிறார், எல்லோருக்கும் கொஞ்சம் பணமோ அரிசியோ வேண்டும். இல்லை என்று சொல்ல ஜெங்குக்கு வாய் வராது.

தபால் நிலையத்தில் அடையாள அட்டை கேட்கிறார்கள். அட்டை வாங்கக் காவல் நிலையம் போனால் பிறப்புச் சான்று, புகைப்படம், முத்திரைத்தாள் வேண்டும் என்கிறார்கள். பிறப்புச் சான்றுக்கு நகராட்சி அலுவலகம் போனால் பிறந்த தேதி என்ன என்கிறார்கள். 1900 வாக்கில் பிறந்தவர் என்பதுதான் அவருக்குத் தெரியும். புகைப்படக்காரன் முன்பணம் வாங்கிக்கொண்டு படம் விழவில்லை என்கிறான்; கேட்கப்போன இடத்தில் மூக்கில் அடி விழுந்து இரத்தம் கொட்டுகிறது. மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. பஸ் கட்டணம், எழுதிக் கொடுப்பவனுக்குக் கூலி, கடை பாக்கி என்று இன்னும் கைக்கு வராத பணம் நாளுக்கு நாள் கரைகிறது. கடன் கேட்டு வருகிறவர்களைத் தவிர்க்க, பணம் வழியில் திருட்டுப் போய்விட்டது என்று மனைவிகள் பொய் சொல்லி வைக்கிறார்கள். அந்தப் பொய்யே கடைசியில் நிஜமாகிறது. கோட்டும் சூட்டும் அணிந்த படித்த உறவினன் ஒருவன், பணத்தை நானே எடுத்துத் தருகிறேன் என்று அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறான். பிறகு, பணத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று சொல்லி ஒரு மூட்டை அரிசியைக் கொடுத்து அனுப்புகிறான்.

வறுமையைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் படித்திருக்கிறேன். ஒரு நாட்டில் பணம் ஏழையின் கையருகே வந்து எப்படி நழுவுகிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஒன்றையும் நான் கண்டதில்லை. சுதந்திரம் வந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கவுன்ட்டருக்குப் பின்னால் வெள்ளைக்காரர் யாரும் இல்லை. இருந்தும் காகிதம் பிரெஞ்சில் இருக்கிறது. ஜெங்குக்குப் பிரெஞ்சு தெரியாது. பணம் இருக்கிறது, தன் பெயரில் இருக்கிறது, ஆனால் நான் நான்தான் என்று நிரூபிக்க வழியில்லை. அவருடைய வறுமையின் மையம் அங்கே இருக்கிறது.

செம்பேன் ஜெங்கைத் தியாகியாகக் காட்டவில்லை என்பதும் முக்கியம். படத்தின் தொடக்கத்தில் மரத்தடி நாவிதரிடம் உட்கார்ந்து முகம் வழித்துக்கொள்கிறார்; கஞ்சி போட்ட அகன்ற அங்கியை விரித்துக்கொண்டு பெருமிதமாக நடக்கிறார்; மனைவிகளை அதட்டுகிறார். அந்த அங்கியை வீண் ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது. வோலோஃபில் 'சுத்துரா' என்று ஒரு சொல் உண்டு. அரபியிலிருந்து வந்தது, மூடுதல் என்பது வேர்ப்பொருள். தன் வீட்டுக் குறை தெருவுக்குத் தெரியாமல் காப்பதும், அடுத்தவர் குறையைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவதும் அதில் அடங்கும். கஞ்சி போட்ட அங்கி ஜெங்கின் சுத்துரா. இரண்டு காங்கோ நாடுகளின் தலைநகரங்களான பிரசாவில், கின்ஷாசா நகரங்களில் 'சப்பர்' என்று அழைக்கப்படுகிறவர்கள், தகரக் கூரைக் குடியிருப்பிலிருந்து விலையுயர்ந்த ஐரோப்பிய சூட்டில் புறப்பட்டு வருவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை வேடிக்கையாகப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதில் ஜெங்கின் பிடிவாதம்தான் தெரிகிறது. என்னைப் பார்த்ததும் என் வறுமை உன் கண்ணில் படக்கூடாது என்கிற பிடிவாதம்.

சரி, மூடி மறைக்க ஒன்றுமே இல்லாத பிச்சைக்காரர்கள்? அவர்களை வைத்து செனகல் எழுத்தாளர் அமினாத்தா சோ ஃபால் 1979இல் எழுதிய நாவல், நான் படித்தவற்றில் மிகக் கூர்மையான நூல்களில் ஒன்று. பிச்சை வாங்கும் சுரைக்குடுவைக்கு வோலோஃபில் 'பாத்து' என்று பெயர். 'பாத்துகளின் வேலைநிறுத்தம்' என்பது தலைப்பு. நகரத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும், எனவே தெருவில் பிச்சைக்காரர்கள் இருக்கக்கூடாது என்று முர் ஞ்ஜாய் என்ற அதிகாரி முடிவெடுக்கிறார். அவர்களை அடித்துத் துரத்துகிறார்கள். துரத்தலில் உயிரும் போகிறது. வேலையைச் சுத்தமாக முடித்த முர் ஞ்ஜாய்க்கு அடுத்த ஆசை வருகிறது, குடியரசின் துணைத் தலைவராக வேண்டும். தன் மராபுவிடம், அதாவது ஆசி வழங்கிப் பரிகாரம் சொல்லும் மார்க்கப் பெரியவரிடம், போகிறார். பெரியவர் சொல்லும் பரிகாரம்: ஒரு காளையை அறுத்து 77 பங்காக்கி, நகரத்துத் தெருக்களில் இருக்கும் பிச்சைக்காரர்களுக்குக் கொடு.

தெருக்களில்தான் யாரும் இல்லையே. சல்லா நியாங் என்ற பெண்ணின் தலைமையில் பிச்சைக்காரர்கள் ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் கூடிவிட்டார்கள். இனி நாங்கள் போக மாட்டோம், வேண்டுமென்றால் அவர்கள் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. யாரும் எங்கள்மேல் இரக்கப்பட்டு ஈவதில்லை. பதவி உயர்வுக்காக, நோய் தீர, பயணம் நல்லபடி முடிய, மராபு சொன்னபடி சர்க்கரைக் கட்டியும் மெழுகுவர்த்தியும் துணியும் கொடுக்கிறார்கள். நாங்கள் கை நீட்டாவிட்டால் அவர்களுடைய வேண்டுதல் எப்படி நிறைவேறும்? அதன்படியே நடக்கிறது. ஊரின் பெரிய மனிதர்கள் கார் ஏறி, தூசி பறக்க, பிச்சை போட அந்த வீட்டைத் தேடி வரிசையாக வருகிறார்கள். முர் ஞ்ஜாயே வந்து கெஞ்சுகிறார். அவர்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. பதவி வேறொருவருக்குப் போகிறது.

ஈகையை இந்த நாவல் பழிக்கவில்லை. இஸ்லாமியச் சமூகத்தில் தர்மம் கடமை என்பதைச் சோ ஃபால் முழு மரியாதையோடு எழுதுகிறார். வாங்குகிறவரும் அந்தக் கடமையில் ஒரு பங்காளி, அவர் இல்லாமல் அது நடக்காது என்பதைத்தான் நினைவூட்டுகிறார். 'மனிதனுக்கு மருந்து மனிதன்' என்ற வோலோஃப் பழமொழியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த மருந்து இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டியது என்று இந்த நாவலைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இங்கே வரலாற்றாசிரியர் ஜான் இலிஃப் 1987இல் ஆப்பிரிக்க ஏழைகளைப் பற்றி எழுதிய நூலில் சொன்ன ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் நிலம் இல்லாதவர் ஏழையானார். ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. அதில் பாடுபடக் கைகள் வேண்டும். எனவே அங்கே பரம ஏழை என்றால் ஆளில்லாதவர்: முதியவர், ஊனமுற்றவர், பிள்ளையில்லாத விதவை. சில மொழிகளில் ஏழை என்ற சொல்லுக்குள்ளேயே உறவற்றவர் என்ற பொருள் இருக்கிறது. காலனி ஆட்சியும் நகரமும் கூலியும் வந்தபோது இந்தக் கணக்கு மெல்லத் தலைகீழானது.

தலைகீழான அந்தக் கணக்கு ஒரு பெண்ணின் உடல்மேல் எப்படி விழுந்தது என்பதை நைஜீரியாவின் புச்சி எமச்செட்டா எழுதினார். 1979இல் வந்த அவருடைய நாவலின் தலைப்பு 'தாய்மையின் மகிழ்ச்சிகள்' என்று பொருள்படும். இபுசா என்ற இக்போ மக்களின் ஊரிலிருந்து லாகோஸ் நகரத்துக்கு மணமாகி வரும் ந்னு ஈகோவுக்குப் பிள்ளைதான் செல்வம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கிராமத்தில் அது உண்மையாகவும் இருந்தது, ஒவ்வொரு பிள்ளையும் வயலில் இரண்டு கைகள். லாகோஸில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பள்ளிக் கட்டணம். கணவன் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைக்கிறான், பிறகு அந்த வேலையும் போகிறது. அவள் வீட்டு வாசலில் சிகரெட்டும் தீப்பெட்டியும் வைத்து விற்கிறாள். தன் வயிற்றைக் கட்டி மகன்களைப் படிக்கவைக்கிறாள். அவர்கள் கடல் கடந்து போகிறார்கள், கடிதம் வருவதில்லை. அவள் தெருவோரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல் இறந்துபோகிறாள். பிறகு பிள்ளைகள் வந்து ஊர் மெச்ச ஈமச்சடங்கு செய்கிறார்கள், அவள் பெயரில் கோயிலும் எழுப்புகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு அங்கே வரும் பெண்களுக்கு அவள் வரம் தருவதே இல்லை. அந்த மறுப்பைப் படித்த இரவு என்னால் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்க முடியவில்லை.

மாதச் சம்பளக்காரரின் வறுமைக்கு வருவோம். அது வெளியில் அதிகம் பேசப்படாத வறுமை. கானாவின் அயி குவே ஆர்மா 1968இல் வெளியிட்ட முதல் நாவல், 'அழகானவர்கள் இன்னும் பிறக்கவில்லை' என்று பொருள்படும் தலைப்புக் கொண்டது. அது ஒரு பஸ்ஸில் தொடங்குகிறது. மாதக் கடைசி. நடத்துனர் அன்றைய வசூலை எண்ணுகிறார். சம்பளம் வந்த புதிதில் பயணிகள் பெரிய நோட்டை நீட்டிவிட்டு மீதியைச் சரிபார்க்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஒவ்வொரு காசையும் தேடி எடுத்துக் கொடுப்பார்கள், ஏமாற்ற வழியிருக்காது. சம்பளத்துக்கு முந்தைய அந்த நாட்களுக்குப் 'பாடுகளின் வாரம்' என்று பெயர், இயேசு சிலுவைக்குப் போன வாரத்தின் பெயர். சம்பளத்தை எண்ணி வாழும் யாருக்கும் இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

நாவலின் நாயகனுக்குப் பெயரே இல்லை, ரயில்வேயில் எழுத்தர். மரவியாபாரி நீட்டும் லஞ்சத்தை வாங்க மறுக்கிறான். வீட்டில் பாராட்டு கிடைக்கவில்லை. மனைவி அவனை 'சிச்சிடோடோ' என்கிறாள். மலத்தை அடியோடு வெறுக்கும் பறவை அது. ஆனால் அதற்குப் பிடித்த இரை, மலக்குழியில் கொழுக்கும் புழு. உனக்குப் பணம் வேண்டும், பணம் வரும் வழி மட்டும் வேண்டாமா என்பது அவள் கேள்வி. கூடப் படித்தவன் மந்திரியாகிப் பளபளக்கிறான். ஆட்சி கவிழ்ந்ததும் அதே மந்திரி கழிப்பறைத் துளை வழியாக ஊர்ந்து தப்ப வேண்டியிருக்கிறது. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே இந்த நாவலை நோய்பிடித்த நூல் என்று கடிந்துகொண்டார். கானாவின் நோய் என்பதைவிட மேற்கிலிருந்து கடன் வாங்கிய பொதுவான மனச்சோர்வு அதில் இருக்கிறது என்பது அவர் வாதம். அச்செபேமேல் எனக்கு அளவற்ற மதிப்பு உண்டு, ஆனால் இதில் உடன்பட முடியவில்லை. நேர்மையாக இருப்பதற்கு ஏழை வீட்டில் யார் யார் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்று ஆர்மா எழுதியிருப்பது மிகக் குறிப்பான, அந்த ஊருக்கே உரிய கணக்கு.

கென்யாவின் மேஜா முவாங்கியை நம்மில் அதிகம் பேர் படிப்பதில்லை. படிக்க வேண்டும். 1973இல் வந்த அவருடைய நாவலில் படிப்பை முடித்துவிட்டு நைரோபிக்கு வேலை தேடி வந்த இளைஞர்கள் சந்துக் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே படுத்து, கடைகள் கழித்துப் போட்ட அழுகிய பழங்களைத் தின்கிறார்கள். 1976 நாவலில் கட்டடத் தொழிலாளர்கள் 24 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்புகிறார்கள். அதன் பெயர் வளர்ச்சி மாளிகை. மாடி ஒவ்வொன்றாக ஏறுகிறது. கட்டுகிறவர்களின் குடிசைகளை மாநகராட்சி கொளுத்துகிறது.

அதே நாட்டில் கூகி வா தியாங்கோ எழுத்திலிருந்து ஒரு படி மேலே போனார். லிமுரு பக்கத்தில் கமிரித்து என்ற ஊரின் விவசாயிகளும் ஆலைத் தொழிலாளர்களும் 1977இல் தாங்களே மேடை கட்டி, கிக்கூயு மொழியில், அவரும் கூகி வா மிரியும் எழுதிய நாடகத்தை நடித்தார்கள். நாடகத்தின் மையத்தில் ஒரு பத்திரம் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நிலத்துக்கான பத்திரம், ஏழைத் தொழிலாளியின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அவனை வேலை வாங்கும் பணக்காரர் அந்த நிலத்தைப் பறித்துக்கொள்கிறார். மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். சில வாரங்களில் அனுமதி ரத்தானது. ஆண்டின் கடைசி நாளில் கூகி கைதானார். சிறையில் கழிப்பறைக் காகிதத்தில் அவர் கிக்கூயுவில் எழுதிய நாவல்தான் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று வந்திருக்கிறது. அது வெளியானபோது வீடுகளிலும் மதுக்கடைகளிலும் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கூடிக் கேட்டார்கள் என்று கூகி எழுதியிருக்கிறார். ஏழையைப் பற்றிய கதை ஏழையின் காதுக்குப் போய்ச் சேர்ந்த அபூர்வமான நேரங்களில் அது ஒன்று. செம்பேன் மாஸ்கோ போனதும் இதற்காகத்தான்.

இனி நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இன்றைய ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் வெளிநாட்டு வாசகருக்காக வறுமையை விற்கிறார்களா? ஜிம்பாப்வேயைச் சேர்ந்த நோவயலட் புலவாயோவின் முதல் நாவல் 2013இல் புக்கர் பரிசின் இறுதிப்பட்டியலுக்குப் போனபோது, நைஜீரிய எழுத்தாளர் ஹெலோன் ஹபிலா இந்தக் கேள்வியை எழுப்பினார். குடிசைக் குழந்தைகள், கர்ப்பமான சிறுமி, எய்ட்ஸ், அரசியல் வன்முறை என்று வெளியுலகம் எதிர்பார்க்கும் ஆப்பிரிக்காவை எழுத்தாளர் வரிசையாக நிகழ்த்திக் காட்டுகிறாரோ என்பது அவர் சந்தேகம். அதற்கு முன்பே, 2005இல், கென்யாவின் பின்யவாங்கா வைனைனா, ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுவது எப்படி என்று வெளிநாட்டினருக்குப் பாடம் நடத்துவதுபோல ஒரு கட்டுரை எழுதி, பட்டினி உடல்களின்மேல் நடக்கும் வியாபாரத்தைக் கிழித்திருந்தார்.

ஹபிலாவின் கவலை உண்மையானது. பரிசுகளும் பதிப்பகங்களும் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும்போது எழுதுகிறவர் கை அந்தப் பக்கம் சாய்வது நடக்கக்கூடியதே. ஆனால் புலவாயோவின் நாவலை அந்தக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு காட்சி. 'சொர்க்கம்' என்று பெயர் கொண்ட தகரக் குடிசைப் பகுதிக்குத் தொண்டு நிறுவனத்தின் லாரி வருகிறது. குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவன் படமெடுக்கிறான். அழுக்குக்கும் கிழிசலுக்கும் அவர்கள் கூசுகிறார்கள். அவன் அதைப் பொருட்படுத்துவதில்லை. கர்ப்பமான சிறுமியைக் கண்டதும் கேமரா அவளை விட்டு நகர மறுக்கிறது. இதையெல்லாம் சொல்வது யார்? வரிசையில் நிற்கும் பத்து வயதுச் சிறுமி. உலகம் முழுக்கப் பார்த்த அந்தப் படத்தை, படத்தில் இருக்கும் குழந்தை திரும்பிப் பார்க்கிறது. இதே குழந்தைகள் பசி தாங்காமல் பணக்காரக் குடியிருப்புக்குள் நுழைந்து கொய்யா திருடுகிறார்கள். எந்தத் தெருவில் எந்த மரம் இந்த வாரம் பழுத்திருக்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

எனவே ஒரு நூல் வறுமையைப் பற்றி எழுதுகிறதா என்று நான் பார்ப்பதில்லை. அதில் ஏழைக்குக் கணக்கு இருக்கிறதா, கோபம் இருக்கிறதா, தந்திரம் இருக்கிறதா, அவர் பேசும்போது மற்றவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன்.

இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜிப்ரில் ஜோப் மம்பெத்தி, மறுபடியும் டக்கார்க்காரர். எளிய மனிதர்களைப் பற்றி மூன்று சிறு படங்கள் எடுக்கத் திட்டமிட்டார். இரண்டு முடித்துவிட்டு 1998இல் இறந்துபோனார். 1994 ஜனவரியில் செனகலின் நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியானது. பிரெஞ்சு பிராங்க் ஒன்றுக்கு 50 என்று இருந்தது 100 ஆனது. அந்த ஆண்டில் எடுத்த முதல் படத்தில், வாடகை கட்டாததால் இசைக்கருவியைப் பறிகொடுத்த ஒரு தெருப்பாடகன் லாட்டரிச் சீட்டு வாங்குகிறான். தொலைந்துவிடக்கூடாது என்று அறைக் கதவில் ஒட்டி, மேலே ஒரு சுவரொட்டியையும் ஒட்டி வைக்கிறான். பரிசு அவனுக்குத்தான் விழுகிறது. சீட்டைப் பிய்க்க முடியவில்லை. கதவையே பெயர்த்துச் சுமந்துகொண்டு நகரம் முழுவதும் நடக்கிறான்.

இரண்டாவது படம் அவர் இறந்தபின் 1999இல் வந்தது. கால் நடக்க வராத சிலி என்ற சிறுமி, ஊன்றுகோல்களோடு, பையன்கள் மட்டுமே செய்யும் செய்தித்தாள் விற்பனைக்கு வருகிறாள். ஒருவர் அவள் கையிலிருந்த தாள்களை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார். இவ்வளவு பணம் உனக்கு ஏது என்று போலீஸ்காரர் பிடிக்கிறார். அவள் அழவில்லை, வா, காவல் நிலையத்தில் பேசிக்கொள்ளலாம் என்று அவரையே அழைத்துப் போய் நியாயம் கேட்கிறாள், திருட்டுப் பழியில் அடைபட்டிருந்த இன்னொரு பெண்ணையும் விடுவித்துக்கொண்டு வருகிறாள். கிடைத்த பணத்தில் தெருவில் பாடும் பார்வையற்ற பாட்டிக்கு ஒரு குடை வாங்குகிறாள். பையன்கள் ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்போது, இப்போது என்ன செய்வது என்று கூட இருக்கும் நண்பன் கேட்கிறான். தொடர்வோம் என்கிறாள். அவன் அவளை முதுகில் தூக்கிக்கொள்கிறான்.

எங்கிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். செம்பேன் 1963இல் எடுத்த முதல் குறும்படத்திலிருந்து தொடங்குங்கள். இருபது நிமிடம்தான். டக்காரில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவரின் ஒரு நாள். காலையில் ஒரு பிச்சைக்காரர் கை நீட்ட, இவர்கள் ஈக்கள்போல மொய்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போகிறார். பிறகு ஒரு பாணன் அவருடைய முன்னோரின் வீரத்தைப் பாட, அன்றைய வருமானம் முழுவதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறார். இறந்த குழந்தையின் உடலோடு வரும் தந்தையைக் கல்லறைக்குக் கொண்டுபோகிறார். காகிதம் சரியில்லை என்று காவலாள் உள்ளே விட மறுக்க, உடலைத் தரையில் கிடத்திவிட்டுத் திரும்புகிறார். வண்டிகள் நுழையக்கூடாத பணக்காரப் பகுதிக்குப் போகச் சொல்லி ஒருவர் ஏறுகிறார்; போலீஸ்காரர் வண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார், கீழே விழுந்த போர்ப் பதக்கத்தின்மேல் கால் வைக்கிறார். குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பும்போது மனைவி குழந்தையை அவர் கையில் கொடுக்கிறாள். இன்று ராத்திரி நாம் சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போகிறாள். எங்கே போகிறாள் என்று படம் சொல்வதில்லை.